மதில் கட்ட முதல்: யாழ்ப்பாணத்தில வேலி, மதில், எல்லை வேலையை எந்த ஒழுங்கில செய்யிறது

வேலியைப் பிடுங்கிப்போட்டு மதில் கட்டப்போற ஆக்கள் முதல்ல கூப்பிடுறது மேசனைத்தான். அவரும் வந்து வளவைச் சுத்தி நடந்து பார்த்து இத்தினை கல்லு, இத்தினை பை சீமெந்து எண்டு கணக்குச் சொல்லிப்போட்டுப் போவார், அடுத்த கிழமை கதியாலெல்லாம், அதான் வேலிக்கு நட்டுத் தளைச்ச தடியளெல்லாம், வெட்டி விழுத்தி அத்திவாரம் வெட்டத் தொடங்கேக்கதான் பக்கத்து வீட்டு மாமி வெளியில வந்து "தம்பி, உது எங்கட காணிக்குள்ள எல்லோ வெட்டுறியள்" எண்டுவா. அதோட வேலை நிக்கும். வெட்டின கிடங்குக்குள்ள மழைத்தண்ணி நிரம்பும், வாங்கின சீமெந்து கட்டிபடும், ரெண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லாமப் போகும்.

மேசன் கடைசி ஆள். அவருக்கு முன்னால காணி உறுதி, பேந்து சேவயர் எண்ட நில அளவையாளர், பேந்து பக்கத்து வளவுக்காரர், பேந்து உள்ளூராட்சி சபை. இந்த ஒழுங்கு மாறாட்டி அரைவாசிப் பிரச்சினை வராது.

முதல்ல உறுதியை எடுத்து ஆறுதலா வாசியுங்கோ. எங்கட பழைய உறுதியளில காணிக்கு ஒரு பேர் இருக்கும், பரப்பு குழிக் கணக்கு இருக்கும், பேந்து கிழக்கு இன்னாற்ற காணி, வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாற்ற காணி, தெற்கு இன்னாற்ற காணி எண்டு நாலு எல்லையும் எழுதியிருக்கும். அந்த ஆக்கள் எப்பவோ செத்துப்போச்சினம், காணி நாலு கை மாறியிருக்கும், ஆனா உறுதியில இன்னமும் அந்தப் பேர்தான் ஓடும். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், அதாவது 2,722 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. இந்தக் கணக்கை மனசில வச்சுக்கொண்டு உங்கட வளவை ஒருக்கா ரேப் பிடிச்சுப் பாருங்கோ, உறுதியில உள்ளதுக்கும் நிலத்தில உள்ளதுக்கும் வித்தியாசம் வந்தா ஆச்சரியப்படத் தேவையில்லை, கனக்க உறுதியளில "ஏறக்குறைய" எண்ட சொல்லு சும்மா போடப்படேல்ல.

உறுதியில இன்னும் ரெண்டு விசயம் பாக்கவேணும், கனபேர் இதைப் பாக்காம விட்டுடுவினம். ஒண்டு, காணி பிரிச்சு எழுதப்பட்டிருக்கா, இல்லாட்டி பிரிவுபடாத பங்கா எண்டு. அண்ணன் தங்கச்சிமாருக்கு பொதுவில கிடக்கிற காணியில நீங்கள் ஒரு மூலையைப் பிடிச்சு மதில் கட்டினா அது உங்கட துண்டு ஆகாது, பாகப்பிரிவினை முடிஞ்சு ப்ளான் வந்தாப் பிறகுதான் அங்க எல்லை எண்டு ஒண்டு வரும். ரெண்டாவது, கிணத்துப் பங்கு, வழிவாய்க்கால். எங்கட ஊருகளில ஒரு கிணறு மூண்டு நாலு வளவுக்குப் பொதுவாக் கிடக்கும், உறுதியில "கிணற்றில் பங்கும் தண்ணீர் அள்ளும் உரித்தும் வழிவாய்க்கால் உரித்தும்" எண்டு ஒரு வரி வரும். அந்த வரி இருந்தா, கிணத்தடிக்குப் போற பாதையை அடைச்சு மதில் கட்ட உங்களுக்கு உரிமை இல்லை, இப்ப எல்லாரும் குழாய்த் தண்ணி எடுக்கினம், ஒருத்தரும் அள்ள வாறேல்ல எண்டாலும் அந்த உரித்து உடன செத்துப்போகாது. ஒரு சின்னக் கேற் விடுங்கோ. முந்தி வேலியில பொட்டு, அதான் ஆள் நுழையிற ஓட்டை, வச்சு ஆக்கள் அங்கால இஞ்சால போய் வந்தவை, மதிலில பொட்டு வைக்கேலாது, கேற் வைக்கலாம்.

அடுத்தது சேவயர். இதில காசை மிச்சம் பிடிக்கப் பாக்காதேங்கோ. நில அளவைச் சபையில பதிவு செய்து அனுமதிப்பத்திரம் உள்ள நில அளவையாளரைத்தான் பிடிக்கவேணும், ஊரில ரேப்போட திரியிற ஆளை இல்லை. பழைய ப்ளான் இருந்தா அதையும் உறுதியையும் குடுங்கோ, பக்கத்துக் காணிக்கும் ப்ளான் இருந்தா அதின்ர கொப்பியையும் கேட்டு வாங்கிக் குடுங்கோ, ஏனெண்டா ரெண்டு ப்ளானும் ஒரே கோட்டைக் காட்டுதோ எண்டுதான் அவர் பாப்பார். அளக்கிற நாளுக்கு ரெண்டு பக்கத்து ஆக்களையும் வரச்சொல்லுங்கோ, ஒழிச்சு அளக்கிற வேலை வேண்டாம். கல்லு போடேக்க அவையளும் நிண்டா பேந்து "எப்ப போட்டவங்கள் எண்டு தெரியாது" எண்ட கதை வராது. கல்லு போட்டவுடன ரேப்பை வச்சு, பின்னால வீடோ கிணறோ தெரியிறமாதிரி போட்டோ எடுத்து வையுங்கோ.

வலிகாமம் வடக்குப் பக்கம் இது இன்னும் முக்கியம். 1990 இல இடம்பெயர்ந்து, உயர் பாதுகாப்பு வலயமா பல வருசம் கிடந்து, துண்டு துண்டா விடுபட்ட காணியள் அது, திரும்பிப் போன ஆக்கள் பாத்தா வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை, சில இடத்தில வீடு இருந்த அடையாளமே இல்லை, டோசர் போட்டு வழிச்ச வெளி. அங்க ஒரு பழைய கிணறு, ஒரு கோயில் கேணி, ஒரு புளியமரம் இதுகளை வச்சுத்தான் எல்லையைக் கண்டு பிடிக்க வேண்டிவந்தது. அப்பிடியான இடத்தில ஞாபகத்தை நம்பி மதில் கட்டுறது சரியான ஆபத்து. அம்மாவுக்கு ஒரு ஞாபகம், பக்கத்து வீட்டு ஐயாவுக்கு வேற ஞாபகம், ரெண்டுபேரும் பொய் சொல்லேல்ல. வேலிக்கு ஓணான் சாட்சி எண்டு சொல்லுவினம், இங்க ஓணானும் இடம்பெயர்ந்து போட்டுது.

இப்ப வேலி அரக்கிற விசயத்துக்கு வருவம், ஏனெண்டா யாழ்ப்பாணத்து எல்லைச் சண்டையளில கனக்க இதிலதான் தொடங்குது. கதியால் வேலி உயிர் வேலி, பட்டுப்போற கதியாலுக்குப் பதிலா வருசா வருசம் புதுசு நடுவினம், நடேக்க நாலு விரல் அங்கால தள்ளி நட்டா ஒருத்தருக்கும் தெரியாது, அடுத்த வருசம் இன்னும் நாலு விரல். 75 அடி நீள வேலி 1 அடி அரக்கினா 75 சதுர அடி, கால் பேர்ச்சுக்கு மேல. நல்லூர்ப் பக்கம் இண்டைய விலையில அது என்ன காசு எண்டு நீங்களே பாருங்கோ.

சட்டத்தில ஆட்சி உரிமை எண்டு ஒண்டு இருக்கு, 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். ஒருத்தர் இன்னொருத்தற்ற காணியை 10 வருசம் தொடர்ச்சியா, தடையில்லாம, உரிமைக்காரருக்கு எதிராவும் அவரை ஏற்காமலும் வச்சு ஆண்டா, அதை வச்சு வழக்கில உரித்துக் கேட்கலாம். அதால பக்கத்தார் வேலியை அரக்கினது தெரிஞ்சும் "சரி விடு, சொந்தக்காரர்தானே" எண்டு பேசாம இருந்தா பேந்து கஸ்டம். உடன சொல்லுங்கோ, சொன்னதை எழுத்தில வையுங்கோ. மற்றப் பக்கமும் இருக்கு: ஒரே குடும்பத்துப் பங்குக் காணியில ஒரு பங்காளி இருந்து ஆண்டது மட்டும் 10 வருசக் கணக்குக்குக் காணாது, மற்றவையின்ர பங்கை வெளிப்படையா மறுத்து நிண்டதைக் காட்டவேணும். ஒழுங்கையையோ அரச காணியையோ வேலிக்குள்ள எடுத்து வச்சிருக்கிற ஆக்கள் 10 இல்லை 40 வருசம் வச்சிருந்தாலும் இந்தச் சட்டத்தால அது சொந்தமாகாது. சபை வந்து கேட்டா பின்னுக்கு எடுக்கத்தான் வேணும்.

பக்கத்து வளவுக்காரரோட கதைக்கிறது மூண்டாவது படி எண்டு போட்டன், உண்மையில அது எல்லாப் படியிலயும் இருக்கு. அவையிட்டக் கேக்க வேண்டியது "நான் மதில் கட்டலாமோ" எண்டில்லை, உங்கட காணிக்குள்ள கட்ட அவையின்ர அனுமதி தேவையில்லை. கதைக்கவேண்டியது வேற: மதில் எல்லைக்கோட்டில ரெண்டு பேருக்கும் பொதுவா வருதோ, இல்லாட்டி முழுக்க உங்கட பக்கம் வருதோ எண்டதுதான். பொது மதிலெண்டா செலவு பாதி பாதி, பராமரிப்பு பாதி பாதி, ஒராளுக்குத் தெரியாம மற்ற ஆள் அதுக்கு மேல கட்டவோ அதில கொட்டில் சாய்ச்சுப் போடவோ கூடாது. இதை ஒரு தாளில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சு, சாட்சிக்கும் ரெண்டு பேர் வச்சா நல்லம், காணி கை மாறேக்க அந்தத் தாள்தான் கதைக்கும். உங்கட காசில உங்கட பக்கம் கட்டுறதெண்டா முழுக்க உள்ளுக்கு வரவேணும், இங்கதான் கனக்க மேசன்மார் பிழை விடுறது: மேல 6 அங்குலக் கல்லு எல்லைக்கு உள்ளுக்குத்தான் நிக்கும், ஆனா கீழ அத்திவாரம் அதைவிட அகலம், ரெண்டு பக்கமும் வெளியில தள்ளும். அத்திவாரத்தின்ர வெளி விளிம்பு எல்லைக்கல்லைத் தாண்டாம இருக்கவேணும், அப்ப மதில் தன்ரபாட்டில அரை அடியளவு உள்ளுக்கு வரும். அந்த அரை அடி போகுதே எண்டு வயிறு எரியாதேங்கோ, அது உங்கட காணிதான், ப்ளானில இருக்கு.

பூச்சு இன்னொரு தலையிடி. வெளிப்பக்கம் பூசோணும் எண்டா மேசன் பக்கத்து வளவுக்குள்ள நிண்டுதான் பூசவேணும், அதுக்கு அவையின்ர சம்மதம் வேணும், அவையின்ர செவ்வரத்தையும் மரவள்ளியும் மிதிபடும். முன்கூட்டியே சொல்லி, வேலை முடிய கூட்டித் துடைச்சுக் குடுக்கிறதெண்டு பேசிக்கொண்டா ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லாயினம். பூசாம வெறுங்கல்லா விட்ட மதிலின்ர முதுகைத் தினம் பாத்துக்கொண்டு இருக்கிறது அவையள், அதையும் யோசியுங்கோ.

இனிச் சபை. யாழ் மாவட்டத்தில 17 உள்ளூராட்சி சபை இருக்கு: யாழ்ப்பாணம் மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை எண்டு 3 நகர சபை, மிச்சம் 13 பிரதேச சபை. உங்கட வளவு எதுக்குள்ள வருது எண்டு சபைக்குக் கட்டுற சோலைவரி றிசீற்றைப் பாத்தா தெரியும். பிரதேச சபையும் பிரதேச செயலகமும் வேற வேற, இதை மாத்திப் போய் நிண்டு திரும்பி வாற ஆக்கள் இன்னும் இருக்கினம். றோட்டுக்கரையில மதில் எழுப்ப முதல் சபையிட்ட அனுமதி எடுக்கவேணும். உறுதிக் கொப்பி, ப்ளான் கொப்பி, வரி கட்டின றிசீற், அடையாள அட்டைக் கொப்பி, மதில் எங்க வருது எவ்வளவு நீளம் உயரம் எண்டு காட்டுற ஒரு படம், இதுகளைக் கொண்டுபோனா படிவத்தைத் தந்து கட்டணத்தையும் சொல்லுவினம். பேந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஊரில ரீ.ஓ எண்டு சொல்லுற ஆள், வந்து இடத்தைப் பாப்பார். அவர் வாற நாளில வீட்டில நில்லுங்கோ. உயரம் எவ்வளவு விடுவினம், றோட்டுப் பக்கம் அடைச்சுக் கட்டலாமோ, மேல கம்பி வலை வேணுமோ எண்டதை அவரிட்டயே கேட்டு, அனுமதிக் கடிதத்தில எழுதுவியுங்கோ, வாய்க்கதையா விடாதேங்கோ, ஏனெண்டா அடுத்த ரீ.ஓ மாறி வந்தா அவருக்கு அந்தக் கதை தெரியாது.

றோட்டுப் பக்கத்தில முக்கியமானது தெருக்கோடு. றோட் இப்ப எவ்வளவு அகலம் எண்டதில்லைக் கணக்கு, பின்னுக்கு எவ்வளவு அகலமாக்கப் போயினம் எண்டதுதான், அதை றோட்டின்ர நடுவில இருந்து அளப்பினம். எங்கட ஒழுங்கையள் மாட்டுவண்டி போன காலத்து அளவு, ஒரு ஓட்டோ வந்தா மற்றது பின்னுக்குப் போகவேணும், அதால சபை "இன்னும் ரெண்டு மூண்டு அடி உள்ளுக்கு எடுங்கோ" எண்டு சொல்லேக்க கோவம் வரும்தான். ஆனா எடுத்துவிடுங்கோ. நாளைக்கு அம்புலன்ஸ் வரவேணும், வீடு கட்ட ரிப்பர் மணல் கொண்டரவேணும், ஒழுங்கையில எல்லாரும் ஒரே கோட்டில பின்னுக்கு எடுத்தா காணியின்ர விலைதான் ஏறும். நீங்கள் மட்டும் எடுத்து மற்றவை எடுக்காட்டி எரிச்சல்தான், அதுக்கு ஒழுங்கைக்காரர் எல்லாருமாச் சேர்ந்து சபைக்கு ஒரு கடிதம் குடுத்து ஒரே தரமாச் செய்விக்கிறது நல்ல வழி.

எந்த றோட் ஆற்ற எண்டதும் பாக்கவேணும். கண்டி வீதி, அதுதான் ஏ9, அதுமாதிரிப் பெரிய றோட்டுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர, நடுத்தர றோட்டுகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின்ர, மிச்ச ஒழுங்கை எல்லாம் சபையின்ர. பெரிய றோட்டுக்கரையெண்டா சபையின்ர அனுமதியோட அந்தத் திணைக்களத்தின்ர சம்மதமும் வேணும், றோட்டுக்கான ஒதுக்கு, அதாவது றோட்டுக்கெண்டு விட்டு வச்ச நிலம், 2008 ஆம் ஆண்டின்ர தேசிய பெருந்தெருக்கள் சட்டத்துக்குக் கீழ வருது, அங்க அரை அடி கூடக்குறைய எண்டு பேரம் பேசேலாது. றெயில் பாதைக்கரைக் காணிக்காரரும் அப்பிடித்தான், 1990 க்குப் பிறகு கிடந்த வெறும் பாதையைத் தோட்டமாக்கி வேலி போட்ட ஆக்கள் கனபேர், 2014 இல றெயில் திரும்ப யாழ்ப்பாணம் வரேக்க அந்த ஒதுக்குக் காணி எல்லாம் வெளிச்சமாத் தெரிய வந்தது.

மூலைக்காணி எண்டா, ரெண்டு ஒழுங்கை சந்திக்கிற மூலையைக் கூராக் கட்ட விடாயினம், சாய்ச்சு வெட்டிவிடச் சொல்லுவினம், வாற வாகனம் தெரியவேணும் எண்டதுக்காக. உயிர்வேலிக்கும் இதே நியாயம்தான், சந்தியில பூவரசு அடர்ந்து றோட்டை மறைச்சா சபை நோட்டீஸ் தந்து வெட்டச் சொல்லலாம். கேற் உள்ளுக்குத்தான் திறக்கவேணும், றோட்டுக்கு இல்லை. வாசலுக்கு முன்னால சபையின்ர வாய்க்கால் போனா அதை மண் போட்டு நிரப்பி ஏறிப்போகாதேங்கோ, கொங்கிறீற் பலகை போட்டுக் கீழால தண்ணி ஓட விடவேணும்.

தண்ணியைப் பற்றி கொஞ்சம் கூடக் கதைக்கவேணும், மதில் வந்தாப் பிறகு எங்கட ஊருகளுக்கு வந்த பெரிய கரைச்சல் இதுதான். யாழ்ப்பாணம் தட்டை நிலம், ஐப்பசி கார்த்திகை மழைக்கு வெள்ளம் வளவுக்கு வளவு மெல்ல ஊர்ந்துதான் குளத்துக்கோ கடலுக்கோ போறது. கிடுகு வேலிக்கும் கதியாலுக்கும் கீழால அது பேசாமப் போகும். மதில் போகவிடாது. ஒரு ஒழுங்கையில நாலு வீடு அடுத்தடுத்து மதில் கட்டினா அஞ்சாவது வீட்டுக்குள்ள முழங்காலளவு தண்ணி நிக்கும், அந்த வீட்டுக்காரர் போய்ச் சபையில முறைப்பாடு குடுப்பார், சபை வந்து உங்கட புது மதிலை உடைச்சு ஓட்டை போடச் சொல்லும். அதுக்கு முதல் நீங்களே கட்டேக்க நிலமட்டத்தில 4 அங்குலக் குழாய்த் துண்டுகளை இடைக்கிடை வச்சுக் கட்டிவிடுங்கோ. மாரிக்கு ஒருக்கா வந்து வெள்ளம் எந்தப் பக்கத்தால வந்து எந்தப் பக்கத்தால போகுது எண்டு பாத்து, அந்த இடத்தில பெரிய ஓட்டையா விடுங்கோ. நாயும் கோழியும் போகும் எண்டா கம்பிவலை வச்சு அடியுங்கோ. தண்ணி இயல்பா வாற வழியை மறிக்கக் கூடாது, அதேநேரம் உங்கட கூரைப் பீலித் தண்ணியைக் குழாய் வச்சுப் பக்கத்து வளவுக்குள்ள திருப்பவும் கூடாது, ரெண்டும் வழக்குக்குப் போற விசயம். வழுக்கையாற்றுப் பக்கம், குளத்துக்கரைப் பக்கம் காணி உள்ள ஆக்கள் வாய்க்கால் ஒதுக்கு எது எண்டு கமநல சேவை நிலையத்திலயும் கேட்டுக்கொள்ளுங்கோ. மழைத்தண்ணி வளவுக்குள்ள கொஞ்சம் நிண்டு இறங்குறது நல்லதுதான், கிணத்துக்குப் போறது அந்தத் தண்ணிதானே, வளவு முழுக்கக் கொங்கிறீற் போட்டு மூடிப்போட்டு கிணறு வத்துது எண்டு அழுறதில பலனில்லை.

கடற்கரைப் பக்கமெண்டா கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வரும். 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி சராசரி உயர் நீர்மட்டக் கோட்டில இருந்து நிலப்பக்கமா 300 மீற்றர் கரையோர வலயம், அதுக்குள்ள கட்டுமான வேலைக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திட்டக் கேக்கவேணும். காரைநகர், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, மணற்காடு ஆக்கள் இதைக் கவனியுங்கோ. அதோட கடற்கரை மணலை அள்ளிக் கொங்கிறீற் போட்டா உப்பு கம்பியைத் தின்னும், தூண் வெடிச்சு வரும். நல்லூரில மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு, அங்கால கந்தரோடை மாதிரித் தொல்லியல் இடங்களுக்குக் கிட்ட இருக்கிறவை அத்திவாரம் வெட்ட முதல் தொல்லியல் திணைக்களத்திட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கோ.

எல்லையில பனை நிண்டா, அதைத் தறிக்கிறதுக்குப் பிரதேச செயலகத்தில அனுமதி எடுக்கவேணும், பலாவுக்கும் அப்பிடித்தான், 1951 ஆம் ஆண்டில இருந்து அதுக்குச் சட்டம் இருக்கு. மரத்தைச் சுத்தி மதிலை வளைச்சோ, இடைவெளி விட்டுக் கம்பியடிச்சோ போறது மலிவு. பக்கத்து வளவுக் கிளை உங்கட பக்கம் சாஞ்சா முதல்ல அவையிட்ட வெட்டச் சொல்லுங்கோ, நீங்களா ஏறி வெட்டி மாங்காயையும் வச்சுக்கொண்டா அது வேற சண்டை. தென்னை வீட்டுக் கூரைக்கு மேல சரிஞ்சு நிக்குது எண்டா ஆபத்தான மரம் எண்டு சபைக்கும் கிராம அலுவலருக்கும் எழுத்தில குடுங்கோ.

இவ்வளவும் வாசிச்சிட்டு "அப்ப வேலியே நல்லம் போல" எண்டு நினைக்கிறியள் எண்டா, எனக்கும் அதுதான் எண்ணம், குறைஞ்சது பக்கத்து எல்லையளுக்காவது. முன்பக்கம் மதில், மற்ற மூண்டு பக்கமும் உயிர்வேலி எண்டா செலவு குறைவு, காத்து வரும், வெள்ளம் போகும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை இந்த நாலும் கதியாலுக்குச் சரி. மாரி தொடங்கேக்க, ஐப்பசி கார்த்திகையில, முத்தின தடியா வெட்டி நட்டா பிடிக்கும், கோடையில நட்டுத் தண்ணி ஊத்திக்கொண்டு இருக்கேலாது. கிளுவை மெல்ல வளரும், முள்ளு, மாடு பூராது, நல்ல எல்லை. பூவரசும் சீமைக்கிளுவையும் கெதியா வளரும், குழை ஆட்டுக்கும் ஆகும், தோட்டத்து மண்ணுக்குள்ள பசளையாயும் தாழ்க்கலாம், ஆனா வெட்டாம விட்டா ஒரு மாரிக்குள்ள மின்சார வயருக்கு ஏறிவிடும், அதால வருசம் ஒருக்காவாவது கொப்பு வெட்டவேணும். வயரில முட்டின கொப்பை நீங்களா வெட்டப் போகாதேங்கோ, மின்சாரக் கந்தோருக்குச் சொல்லுங்கோ. எல்லைக்கல்லு போட்டு, கல்லுக்குக் கல்லு கயிறு பிடிச்சு, கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளுக்கு நடுங்கோ, கதியால் தடிச்சு வளரேக்க அங்கால போகாது, அரக்கினியள் எண்ட பேச்சும் வராது.

மறைப்பு வேணுமெண்டா கதியாலோட சேத்துப் பனையோலையோ கிடுகோ கட்டலாம், பனையோலை கிடுகைவிடக் கூட நாள் நிக்கும், ஆனா இப்ப ஓலை வெட்டவும் வேலி அடைக்கவும் ஆள் பிடிக்கிறதுதான் பெரிய பாடு. தகர வேலியை நான் விரும்புறேல்ல, சோழகக் காத்துக்கு இரவிரவா அடிக்கும், கறள் பிடிச்சா கையைக் கிழிக்கும், வெயிலுக்கு வளவே சூடாகும். தூணும் முள்ளுக்கம்பியும் தோட்டக் காணிக்குப் போதும், தூணை 8, 10 அடிக்கு ஒண்டாப் போடுங்கோ, மூலைத் தூணுக்கு முட்டுக் குடுக்காட்டி கம்பி இழுக்கேக்கயே சரியும். வேலிக்குக் கரண்ட் குடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், பண்டிக்கு எண்டு குடுத்து மனிசர் செத்த கதை நாட்டில எத்தினை நடந்திட்டுது, சட்டப்படியும் குற்றம்.

மலைநாட்டில காணி வாங்கியிருக்கிற எங்கட ஆக்களுக்கு ஒரு வரி: இங்கத்தைய கணக்கை அங்க கொண்டு போகாதேங்கோ. நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கம் சரிவில கட்டுற மதில் எல்லைக்கு இல்லை, மண்ணைத் தாங்கிறதுக்கு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின்ர அறிக்கை எடுத்துத்தான் சபை அனுமதி தரும், மதிலுக்குப் பின்னால தேங்கிற தண்ணி வெளியேற வழி வைக்காட்டி மழைக்கு மதிலோட மண்ணும் சேர்ந்து வரும், அங்க இஞ்சினியர் இல்லாம ஒரு கல்லும் வைக்காதேங்கோ.

சண்டை வந்திட்டுது எண்டு வைப்பம். இரவோட இரவா வேலியைப் பிடுங்கிறது, கல்லைக் கிளப்பி எறியிறது எல்லாம் உங்கட நியாயத்தைக் கெடுக்கிற வேலை. முதல்ல ப்ளானோட போய்க் கதையுங்கோ, பேந்து கிராம அலுவலரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கோ, அவருக்கு எல்லை தீர்மானிக்கிற அதிகாரம் இல்லை, ஆனா அவற்ற குறிப்பு பின்னுக்கு உதவும். அடுத்தது மத்தியஸ்த சபை, காணிப் பிணக்குக்கெண்டே விசேட சபையும் இருக்கு, வக்கீல் செலவு இல்லை, அங்க முடிஞ்சா நல்லது. அடிபிடி வாற நிலைமையெண்டா பொலிசில முறைப்பாடு, அவை 1979 ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின்ர 66 ஆம் பிரிவில நீதவானிட்டக் கொண்டு போவினம். அந்த வழக்கு காணி ஆற்ற எண்டு பாக்கிறதில்லை, ஆர் வச்சிருந்தது எண்டுதான் பாக்கும், உங்களை வெளியேத்தி 2 மாசத்துக்குள்ள போகவேணும், "கோயில் திருவிழா முடியட்டும்" எண்டு இருந்தா காலம் போயிடும். உரித்தும் எல்லையும் கடைசியாத் தீருறது மாவட்ட நீதிமன்றத்தில, அது வருசக் கணக்கு.

வெளிநாட்டில இருந்துகொண்டு கட்டுவிக்கிற ஆக்கள் ஆருக்கும் அற்றோணித் தத்துவம், அதாவது உங்கட பேரில வேலை செய்யிற அதிகாரம், குடுக்கிறதெண்டா மதில் வேலைக்கு, சபைக்கு, சேவயருக்கு எண்டு வேலையைக் குறிச்சுக் குடுங்கோ, விக்கிற அதிகாரத்தையும் சேத்து எழுதித் தந்திடாதேங்கோ. வட்ஸ்அப்பில மதிலைக் காட்டச் சொல்லாம எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லுங்கோ, அத்திவாரம் மூட முதல் கல்லுக்கும் அத்திவார விளிம்புக்கும் இடையில ரேப் பிடிச்சு எடுத்த படம் வரட்டும், அது வந்தாப் பிறகு அடுத்த காசை அனுப்புங்கோ. கேற் அகலத்தையும் அப்பவே சொல்லிப்போடுங்கோ, 12 அடிக்குக் குறைய வைச்சா ஒடுங்கின ஒழுங்கையில இருந்து தண்ணி பவுசரோ ரிப்பரோ திரும்பி உள்ளுக்கு வராது, பேந்து தூணை உடைச்சுத்தான் பெருப்பிக்கவேணும்.